முதல் மெட்டும் லோக்ரியனும்: மூன்று ஆண்டுகள் யூகுலேலேயோடு

பட்டர்வொர்த்தில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்களிடம் இருக்கும் அதே யூகுலேலே விலை இறங்கியிருக்கிறது. வாங்கலாமா?" சின்னக் கிட்டார் போன்ற அந்த நான்கு தந்திக் கருவி, நான் 320 ரிங்கிட் கொடுத்து வாங்கியது, இப்போது 240 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதாம். அவள் கேட்ட அன்று மாலைதான் என் கருவி பழுதுபார்க்கப்பட்டு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. ஒரு சொல்லில் பதில் அனுப்ப மனம் வரவில்லை.

அளவு, தந்தி வகை எல்லாம் அவளுக்கே தெரியும். பினாங்கின் ஈரக் காற்றில் மூன்று ஆண்டுகள் கிடந்தும் பலகை வளையவில்லை. தந்திகளை இரண்டு முறை மாற்றினேன். அதில் எனக்குக் குறையில்லை. என் வழக்கு முழுவதும் முதல் மெட்டைப் பற்றியது. (மெட்டு என்றால் சுருதி மாற்றத் தந்தியை அழுத்தும் இடங்களைக் குறிக்கும், கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி. கடைகளில் ஃப்ரெட் என்பார்கள், வீணைக்குச் சொல்லும் சொல்லே எனக்கு நாக்கில் வருகிறது.)

நான் இதை வாங்கியது லோக்ரியன் என்ற ஸ்வர வரிசைக்காக. சங்கராபரண ராகத்தின் ரிஷபத்தை சட்ஜமமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் (அதே ஸ்வரங்களை அங்கிருந்து தொடங்கிப் பாடினால்) கரகரப்ரியா ராகம் வரும், காந்தாரத்தை வைத்தால் தோடி வரும். நிஷாதத்தை வைத்தால் மட்டும் பஞ்சமம் மறைந்து, இரண்டு மத்யமங்களும் ஒட்டி நிற்கும் ஒரு வரிசை வருகிறது. கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களிலும் பஞ்சமம் உண்டு. ஆகவே அந்த வரிசை மேளமாகாது. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது பாட்டு ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதைப் பாடிப் பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. தம்புரா பஞ்சமத்தை மீட்டிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிப் பாடுவது? மேற்கத்தியர்கள் அதை லோக்ரியன் என்று பெயரிட்டு ஏழாவது மோடாக (தங்கள் ஸ்வர வரிசைகளில் ஒன்றாக) வைத்திருக்கிறார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் சி தந்தியை சட்ஜமமாக வைத்து வாசித்தேன். யூகுலேலேயின் தந்திகள் ஜி, சி, இ, ஏ. சி லோக்ரியனுக்கு மற்ற மூன்றுமே அந்நியம். அதிலும் ஜி தந்தி சிக்குப் பஞ்சமம்! விரல் தவறிப் பட்டால் போதும், கட்டியெழுப்பிய இருள் முழுவதும் கலைந்துவிடும். பிறகு பியிலிருந்து தொடங்கினேன். நான்கு தந்திகளும் உறவாகிவிட்டன, ஆனால் அடியில் நிற்கும் சி தந்தி தானே சட்ஜமமாகிக் காதை இழுத்து, இரண்டே நிமிடத்தில் சங்கராபரணத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஆறு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் இ தந்தியை சட்ஜமமாக வைத்தேன். அன்று கிடைத்த மகிழ்ச்சியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இ சட்ஜமமானால் ஜி சாதாரண காந்தாரம், ஏ சுத்த மத்யமம், சி சுத்த தைவதம். ஒரு மெட்டையும் தொடாமல் ஹிந்தோள ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு அங்கே கிடக்கின்றன! மீதி நிஷாதம் சி தந்தியின் இரண்டாம் மெட்டில். குழந்தைப் பாட்டுக்கென்று எல்லோரும் நினைக்கும் இந்தச் சின்னப் பெட்டி, சும்மா இருக்கும்போதே முக்கால்வாசி ஹிந்தோளமாக இருக்கிறது. அதோடு இ தந்தியின் முதல் மெட்டில் எஃப், ஏ தந்தியின் முதல் மெட்டில் பி ஃப்ளாட், அதாவது சுத்த ரிஷபமும் பிரதி மத்யமமும் சேர்ந்தால் லோக்ரியன் முழுமையாகிவிடும். ஹிந்தோளத்தின் அமைதிக்குள் அந்த இரண்டு ஸ்வரங்களும் நுழையும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அந்த இரண்டும் முதல் மெட்டில் இருக்கின்றன. கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

கழுத்தின் உச்சியில் தந்திகள் படிந்து கிடக்கும் வெள்ளைப் பட்டையை நட் என்பார்கள். அதில் வெட்டிய பள்ளங்கள் ஆழம் போதாவிட்டால் தந்தி உயர்ந்து நிற்கும். முதல் மெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகமாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். என்னுடையதில் ஏறக்குறைய 20 சென்ட் ஏறியது. சென்ட் என்பது சுருதியை அளக்கும் அலகு, ஓர் அரைஸ்வரமே 100 சென்ட்தான். பிரதி மத்யமம் ஏறினால் எங்கே போகும்? பஞ்சமத்தை நோக்கி. எந்த ஸ்வரம் வேண்டாம் என்று ஓடிவந்தேனோ அதன் பக்கமாகவே கருவி என்னைச் சாய்த்தது. என் விரல்தான் தவறு என்று ஈராண்டுகள் நம்பினேன். வாங்கிய கடையில் காட்டியபோது, "இந்த விலைக்கு இப்படித்தான்" என்றார்கள். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கற்றுக்கொள்பவரின் காதை இப்படிக் கெடுக்க எந்த விலையும் காரணமாகாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் திட்டித் தீர்த்த ஜி தந்திதான் அந்த நாட்களில் கைகொடுத்தது. அதன் மூன்றாம் மெட்டிலும் பி ஃப்ளாட் உண்டு, அங்கே சுருதி சுத்தம். எஃப்பை சி தந்தியின் ஐந்தாம் மெட்டில் பிடித்தால் இ தந்தி திறந்தே ஒலிக்கும். சட்ஜமமும் சுத்த ரிஷபமும் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் அந்தக் கரகரப்பு வேறு எந்தக் கருவியிலும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் கேட்டதில்லை.

ஜார்ஜ்டவுனில் கிட்டார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் மெல்லிய அரத்தால் நான்கு பள்ளங்களையும் ஆழப்படுத்தினார். அரை மணி நேர வேலை, 40 ரிங்கிட். வீட்டுக்கு வந்து ஏ தந்தியின் முதல் மெட்டைத் தொட்டேன். பி ஃப்ளாட் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அன்று இரவு விளக்கைக்கூடப் போடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

தோழிக்கு எழுதிய பதில் இது: வாங்காதே. 40 ரிங்கிட்டில் சரியாகும் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் வாங்காதே. அந்த ஈராண்டுகள் உனக்கும் வர நான் காரணமாக இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி வா. என்னுடையதை எடுத்து, இ தந்தியைத் திறந்து ஒலிக்கவிட்டு, ஜி தந்தியின் மூன்றாம் மெட்டைத் தொட்டுப் பார். என்னுடையதை மட்டும் விலைக்குக் கேட்காதே.