ராணுவ உடற்தகுதி: எந்த அளவுகோல் வீரரை வருடம் முழுக்க உடம்பைப் பேண வைக்கிறது?

ஒரு படை தன் வீரர்களின் உடற்தகுதியை எப்படி அளக்கிறது என்று பார்த்தால், உடம்புக்கு யார் பொறுப்பு என்று அந்தப் படை நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். சில படைகள் மதிப்பெண் போடுகின்றன. சில படைகள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்கின்றன. சில இடுப்பில் நாடாவைச் சுற்றுகின்றன, சில பணம் கொடுக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டு முறைகளை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். நான் எடை போடுவது ஒரே விஷயத்தை: தேர்வு இல்லாத நாட்களில் அந்த முறை வீரரை என்ன செய்ய வைக்கிறது?

மதிப்பெண் அட்டவணையா, வேலைக்கேற்ற தேர்வா?

அமெரிக்கத் தரைப்படையில் 1980 முதல் நாற்பது ஆண்டுக்கும் மேல் இருந்த தேர்வு மிக எளிமையானது. இரண்டு நிமிடம் தண்டால், இரண்டு நிமிடம் சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் 100 என்று மொத்தம் 300 மதிப்பெண். தேறுவதற்கு ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. இதன் பெரிய பலம், கருவி எதுவும் வேண்டாம் என்பதுதான். கொஞ்சம் இடமும் கடிகாரமும் இருந்தால் எங்கேயும் பயிற்சி செய்யலாம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலாம். தேர்வை வீட்டுக்கே கொண்டுபோக முடிகிறது என்பதை நான் பெரிய தகுதியாகவே பார்க்கிறேன்.

அதன் குறையும் வெளிப்படையானது. ஒல்லியான, வேகமாக ஓடும் ஒருவர் 300 வாங்கிவிடலாம். அவரே காயம்பட்ட தோழரை இழுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டிய நேரத்தில் திணறலாம். அதைப் பற்றி இந்தத் தேர்வு எதுவுமே சொல்லாது.

பிரிட்டிஷ் தரைப்படை நேர் எதிர்த் திசையில் போனது. 2019 முதல் நேரடிப் போர்ப் பிரிவுகளுக்கு அவர்கள் கொண்டுவந்த தேர்வில் 40 கிலோ சுமையோடு 4 கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். அதைத் தொடர்ந்து 25 கிலோ சுமையோடு 2 கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அப்புறம் 110 கிலோ எடையை 20 மீட்டர் இழுப்பது, தண்ணீர் கேன்களைச் சுமப்பது என்று போகும். ஆணா பெண்ணா, இருபது வயதா நாற்பது வயதா என்ற கேள்வியே கிடையாது. அடிபட்டுக் கிடப்பவரின் எடை, இழுப்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறுவதில்லையே. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த வேலையை இன்று உங்களால் செய்ய முடியுமா என்று மட்டும்தான் இந்தத் தேர்வு கேட்கிறது. பலசாலியான ஒருவர் இடுப்பு பெருத்து, ரத்த அழுத்தம் ஏறி, புகைபிடித்துக்கொண்டே கூட இதில் தேறிவிடலாம். பத்து வருடம் கழித்து அவருடைய இதயம் எப்படி இருக்கும் என்பது இந்தத் தேர்வின் கவலை அல்ல.

இந்த இரண்டு நோக்கங்களையும் ஒரே தேர்வில் அடைக்கப் பார்த்து அமெரிக்கா பட்ட பாட்டைக் கவனிக்க வேண்டும். டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்தல்), பந்து எறிதல், கையைத் தரையிலிருந்து எடுத்துச் செய்யும் தண்டால், ஓடி இழுத்துச் சுமத்தல், கம்பியில் தொங்கியபடி காலை மடக்கி மேலே தூக்குதல், இரண்டு மைல் ஓட்டம் என ஆறு பகுதி, 600 மதிப்பெண் கொண்ட புதிய தேர்வு ஒன்றை வடிவமைத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும், எல்லா வயதுக்கும் ஒரே வரம்பு, வேலையின் கடுமையைப் பொறுத்து மட்டுமே வேறுபாடு என்பது தொடக்கத் திட்டம். சோதனைக் கட்டத்திலேயே பெண்கள் பெருமளவில் தோற்றார்கள். கால் தூக்கும் பகுதி குறிப்பாக விமர்சனத்துக்கு ஆளானது. 2022-இல் அதை எடுத்துவிட்டு, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க் வைத்தார்கள். வயது, பாலின அட்டவணைகளும் திரும்பி வந்தன. பிறகு 2025 ஜூனில் மறுபடியும் மாற்றம்: பந்து எறிதல் நீங்கி ஐந்து பகுதி, 500 மதிப்பெண். 21 வகைப் போர்ப் பணிகளில் இருப்பவர்களுக்கு ஆண், பெண் வேறுபாடில்லாமல் மொத்தம் 350 வேண்டும். மற்றவர்களுக்கு 300 போதும்.

போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம் என்றே நினைக்கிறேன். ஆரோக்கியத்துக்கு ஒரு வரம்பு, அதை வயதும் உடலமைப்பும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வேலைக்கு ஒரு வரம்பு, அதில் சலுகை கூடாது. ஆனால் இடையில் நடந்த அலைக்கழிப்புக்கு ஒரு விலை உண்டு. உடம்பைத் தயார் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அளவுகோல் சில ஆண்டுகளுக்குள் இத்தனை முறை மாறினால், பயிற்சி செய்பவருக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விடும். போதாக்குறைக்கு, புதிய தேர்வுக்குக் கம்பியும் எடைத் தட்டுகளும் இழுவைப் பலகையும் வேண்டும். முகாமில் இருப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படையில் இருப்பவருக்கு அதுவே பெரிய தடை.

தராசு, நாடா, நூல்

உடல் எடை விஷயத்தில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு, தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காது. அதனால்தான் அமெரிக்கத் தரைப்படை, உயரம்-எடை அட்டவணையைத் தாண்டியவர்களை நாடா வைத்து அளந்து வந்தது. 20 வயது வரையிலான ஆண்களுக்குக் கொழுப்பு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 40 வயதுக்கு மேல் 26 வரை போகலாம் என்று விதி இருந்தது. பெண்களுக்கு அதே வரம்பு 30-இலிருந்து 36 வரை இருந்தது. முன்பு ஆண்களுக்குக் கழுத்தையும் வயிற்றையும் அளந்து கணக்குப் போட்டார்கள். கழுத்து தடித்திருந்தால் கணக்கில் கொழுப்பு குறைவாக வரும். அளவீட்டிலேயே ஓட்டை என்பதால், 2023-இல் வயிற்றுச் சுற்றளவும் எடையும் மட்டும் போதும் என்று மாற்றினார்கள்.

அதே 2023-இல் அமெரிக்க விமானப்படை இன்னும் எளிய வழிக்குப் போனது. இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 0.55-க்குக் கீழே இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருந்தால் போதும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது என்பதால், இந்த அளவு நேராக விஷயத்துக்கு வருகிறது. எடை பார்க்கும் நாளுக்கு முன்பு தண்ணீர் குடிக்காமல், நீராவி அறையில் உட்கார்ந்து, பேதி மாத்திரை போட்டு எடையைக் குறைக்கும் ஆபத்தான பழக்கம் படைகளில் நெடுநாளாக இருக்கிறது. இடுப்பை அப்படி மூன்று நாளில் ஏமாற்றுவது கடினம். ஒரு நூல் இருந்தால் யாரும் தனியாக அளந்துகொள்ளலாம் என்பதும் கூடுதல் லாபம். இந்தச் சுற்றில் விமானப்படைக்குத்தான் என் ஓட்டு.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அமெரிக்க மரைன் படையில் உடற்தகுதித் தேர்வு, போர்த்தகுதித் தேர்வு இரண்டிலும் 300-க்கு 285 எடுத்தவர்களுக்கு 2017-இல் எடை வரம்பிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தரைப்படையும் 2023-இல் இதுபோன்ற விலக்கைக் கொண்டுவந்தது. அவ்வளவு நன்றாகச் செய்பவரை எடையைக் காட்டி வேலையை விட்டு அனுப்புவது அநியாயம் என்பதால் விலக்கு சரியே. ஆனால் வேலைக்குக் கிடைத்த விலக்கை உடம்புக்கும் கிடைத்ததாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்டனையா, ஊக்கமா?

அமெரிக்க முறையில் கொழுப்பு வரம்பைத் தாண்டினால் பெயரில் குறி விழும். பதவி உயர்வு நிற்கும், பயிற்சி வகுப்புகளுக்குப் போக முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் படையை விட்டே போக வேண்டி வரலாம். பயத்துக்கு வேகம் உண்டு. அதே பயம்தான் மேலே சொன்ன பட்டினிக்கும் பேதி மாத்திரைக்கும் துரத்துகிறது.

சிங்கப்பூர் ஊக்கத்தைக் கலந்து வைத்திருக்கிறது. அங்கே ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். முழுநேரச் சேவை முடிந்தபின் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பியவர்களும் பல ஆண்டுகள் ஆண்டுதோறும் உடற்தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2015 முதல் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்றே பகுதி. 100 மதிப்பெண்ணில் ஓட்டத்துக்கு மட்டும் 50. அவர்களில் 61 எடுத்தால் 200 சிங்கப்பூர் டாலர், 75-க்கு 300, 85-க்கு 500. தேர்வில் தேறாதவர்களுக்கு 2021 முதல் பத்து உடற்பயிற்சி அமர்வுகள் கொண்ட திட்டம் இருக்கிறது. எதையுமே செய்யாமல் விட்டால் தண்டனையும் உண்டு. சேவைக்கு வருமுன்பே தேர்வில் தேறிய இளைஞருக்கு முழுநேரச் சேவையில் சுமார் இரண்டு மாதம் குறைகிறது. பணத்தைவிட இதுவே பெரிய ஈர்ப்பு என்று தோன்றுகிறது. பத்தொன்பது வயதில் இரண்டு மாதம் என்பது சின்ன விஷயமா?

இதிலும் ஓட்டை இருக்கிறது. தேர்வுக்கு முந்திய சில வாரங்கள் ஓடிவிட்டு, பணம் வந்ததும் நிறுத்திவிடலாம். ஆண்டுக்கு ஒரு நாளைத்தான் அந்தப் பணம் உறுதி செய்கிறது. இருந்தாலும் முகாமுக்கு வெளியே, அலுவலகமும் குழந்தையும் தூக்கக் குறைவும் உள்ள சாதாரண வாழ்க்கைக்குள் ஒருவரை ஓட வைக்க முயல்வது இந்த மூன்றில் சிங்கப்பூர் முறைதான். பயத்தை மட்டும் நம்பும் முறையைவிட இதை நான் மேலே வைக்கிறேன்.

ஒழுக்கமா, சூழலா?

இங்கேதான் அதிகம் சண்டை நடக்கிறது. "உன் வாயை நீதான் கட்ட வேண்டும், உன் காலால் நீதான் ஓட வேண்டும்" என்பது ஒரு கட்சி. அதில் உண்மை இருக்கிறது. உங்களுக்காக இன்னொருவர் தண்டால் எடுக்க முடியாது. புகைபிடிப்பவர்களுக்கும், உடல் தயாரிப்பில்லாமல் சேருபவர்களுக்கும் அடிப்படைப் பயிற்சியில் காயம் அதிகம் ஏற்படுகிறது என்பது படை மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அந்தக் காயம் அவரோடு நிற்பதில்லை. அவர் தூக்க வேண்டிய சுமை பக்கத்தில் இருப்பவர் தோளுக்குப் போகிறது.

மறு கட்சிக்கு வரலாறு சாட்சி சொல்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, உடல் நலிவால் ஏராளமான பிரிட்டிஷ் இளைஞர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். அரசு 1903-இல் அமைத்த குழு இதை ஆராய்ந்து 1904-இல் அறிக்கை கொடுத்தது. 1906-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஊட்டச்சத்துக் குறைவான இளைஞர்களைத் திருப்பி அனுப்பிய அனுபவத்துக்குப் பிறகு, அமெரிக்காவும் 1946-இல் பள்ளி மதிய உணவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டமே அதை தேசப் பாதுகாப்புக்கான நடவடிக்கை என்று சொல்கிறது. படையில் சேரும் உடம்பு சேருவதற்குப் பத்து வருடம் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது என்பதை இரண்டு அரசுகளும் இப்படித்தான் ஒப்புக்கொண்டன.

அன்று பட்டினி, இன்று பருமன். 17 முதல் 24 வயது வரையிலான அமெரிக்க இளைஞர்களில் 77 சதவீதம் பேர் சிறப்பு அனுமதி இல்லாமல் படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 2020 ஆய்வு சொன்னது. அதிக எடை முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் ஒரு முன்தயாரிப்பு வகுப்பு தொடங்கினார்கள். கொழுப்பு வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களை அங்கே 90 நாள் வரை தங்கவைத்து, முறையான உணவு, பயிற்சி, வழிகாட்டுதல் கொடுத்தார்கள். பெரும்பாலோர் வரம்புக்குள் வந்து அடிப்படைப் பயிற்சிக்குப் போனார்கள்.

இதை நான் முக்கியமான சான்றாகப் பார்க்கிறேன். வகுப்புக்கு வருமுன் அவர்களிடம் ஒழுக்கம் இல்லை என்றுதான் முதல் கட்சி சொல்லியிருக்கும். ஆனால் மாறியது சாப்பாடும் தூங்கும் நேரமும் கூட இருந்த ஆட்களும். பழைய முறையில் "எடையைக் குறைத்துவிட்டு வா" என்று வாசலோடு அனுப்பியிருப்பார்கள். அமெரிக்கத் தரைப்படை 2020-இல் வெளியிட்ட உடற்தகுதிக் கையேடும் இதே பாதையில்தான் போகிறது. உடல், உணவு, மனம், ஆன்மிகம், தூக்கம் என்று ஐந்தையும் தகுதியின் பகுதிகளாக வைக்கிறது. உணவியல் நிபுணரும் இயன்முறை மருத்துவரும் பயிற்சியாளரும் படைப்பிரிவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது.

அதற்காகத் தனிமனிதப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. தொண்ணூறு நாளில் இறங்கிய கொழுப்பு, கட்டுப்பாடு தளர்ந்த பின் ஏறாமல் இருப்பது அந்த இளைஞர் கையில்தான் இருக்கிறது. நான் கேட்பது வரிசையை மட்டும்தான். தூங்க நேரமும் நல்ல சாப்பாடும் பயிற்சிக்கான பொழுதும் முதலில் படை கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு கண்டிப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எதையும் கொடுக்காமல் நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் அதிகாரிக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச உரிமை குறைவு.

படைக்கு வெளியே இருப்பவருக்கு எது பொருந்தும்?

யாரும் பெயரில் குறி வைக்கப் போவதில்லை, பணமும் தரப் போவதில்லை என்ற நிலையில் உள்ளவர் இந்த மூன்று நாட்டு முறைகளிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை நூலால் இடுப்பை அளப்பது அமெரிக்க விமானப்படையிடமிருந்து. சிங்கப்பூரின் மூன்று பகுதித் தேர்வை வருடத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொண்டால், ஒரே தேதிக்காகப் பயிற்சி செய்யும் பழக்கம் குறையும். பிரிட்டனிடமிருந்து சுமை நடையை எடுக்கலாம். 40 கிலோ வேண்டாம், முதுகுப்பையில் ஐந்து கிலோவில் தொடங்கினால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும். இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர் அதை இயல்பாகவே எட்டிவிடுவார்.

நெடுநாள் பயிற்சி விட்டுப்போனவரும் இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவரும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முட்டி ஒத்துழைக்காதவர் ஓட்டத்தை விட்டுவிடலாம். காயம் காரணமாக ஓட முடியாத வீரர்களுக்கு அமெரிக்கத் தரைப்படையே இரண்டரை மைல் நடை, ஒரு கிலோமீட்டர் நீச்சல், 12 கிலோமீட்டர் நிலைச் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் துடுப்பு இயந்திரம் என்று மாற்று வழிகளை அனுமதிக்கிறது. இவற்றில் நடைக்குச் செலவே இல்லை, இன்று மாலையே தொடங்கலாம்.