கணக்குச் சொற்கள் பழக: பட அட்டையா, பல்லாங்குழியா?

ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை நூறு வரை ஒப்பிப்பதைவிட ‘கூட’, ‘குறைய’, ‘சமம்’, ‘மீதி’ புரிந்துகொள்வது முக்கியம். பட அட்டையின் பலம் வடிவங்கள்தான்: வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் சட்டென்று பிடிபடும். எண்ணின் உருவத்துக்கும் அட்டையே வசதி. ஆனால் ‘குறைய’ என்பதற்கு ஐந்து மாம்பழமும் மூன்று மாம்பழமும் அசையாமல் கிடக்கும். பிள்ளை படத்தை மனப்பாடம் செய்துவிடும்.

பெரிது, சிறிது தாண்டிய சொற்களுக்கு என் ஓட்டு பல்லாங்குழிக்கே. 2 வரிசை, வரிசைக்கு 7 குழி. ‘அடுத்த குழி’, ‘ஒவ்வொன்றாகப் போடு’, ‘காலி’ எல்லாம் கை போகிற போக்கில் வாயில் வரும். குழியில் 4 சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளுவார்கள். கொஞ்சம் பழகினால் எண்ணாமலே, பார்த்ததும் நாலு என்று தெரியும். ஆட்டம் முடிந்ததும் இருவர் காய்களையும் எதிரெதிரே ஜோடியாக அடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை கூட என்று சண்டை வரும். வரட்டும், நல்ல சண்டைதான்.

பலகை இல்லையென்றால் முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் போதும். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுவிடும்.