பிரான்சா, பின்லாந்தா, கனடாவா: எங்கள் சனசமூக நிலையத்துக்குச் சரிவந்தது எது?

எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சினிமா வகுப்பு தொடங்கலாம் என்று பேச்சு வந்ததும், எந்த நாட்டு முறையைப் பிடிப்பது என்ற விவாதத்திலேயே இரண்டு மாதம் போய்விட்டது. ஸ்காபரோவில் அக்கா இருக்கும் ஒருவர் கனடா என்றார். யூடியூப்பில் பார்த்தவர் பின்லாந்து என்றார். நான் பிரான்ஸ் என்றேன். தம்பி பாரிசில் இருப்பதால்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் நக்கல் அடிக்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான். முழுக் காரணம் அதுவல்ல.

பரீட்சைப் பாடமாகப் படிப்பிக்கும் வழியை முதல் கூட்டத்திலேயே தள்ளிவிட்டோம். லண்டன் ஏ.எல்.லில் மீடியா ஸ்டடீஸ் இருக்கிறது. இங்கே இலங்கையிலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்று சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடம் உண்டு. அதை எடுத்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன். தொடர்பாடலின் வரைவிலக்கணத்தை மூச்சுவிடாமல் ஒப்புவித்தது. கடைசியாகப் பார்த்த படம் எப்படி என்றால், "நல்லம்." அவ்வளவுதான். பரீட்சை என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் ரியூசன் நோட்ஸ் ஆகிவிடும்.

பின்லாந்துக்காரர்கள் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் ஊடக அறிவைத் தனிப் பாடமாக வைக்காமல், எல்லாப் பாடங்களுக்குள்ளும் கரைத்துவிட்டார்கள். வரைபடம் எப்படிப் பொய் சொல்லும் என்பது கணக்கு வகுப்பில், பழைய பிரசாரச் சுவரொட்டி வரலாற்று வகுப்பில் என்று போகும். அழகான ஏற்பாடு. ஆனால் அங்கே ஆரம்ப வகுப்பு ஆசிரியரே முதுமாணிப் பட்டம் முடித்தவர். இங்கே தவணைக்குள் பாடத்தை முடிப்பதே பெரும்பாடு. தெரிந்த கணக்கு சேரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இருந்தாலும் அந்த வழியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை முயன்றோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைச் சோதிப்பதுதான் பாடம். கிளிநொச்சி வெள்ளம் என்று வந்த ஒன்றைப் போட்டோம். தரம் 9 பெடியன் ஒருவன் எழும்பி வந்து, மூலையில் அரைவாசி தெரிந்த கடைப் பெயர்ப்பலகையில் விரலை வைத்தான். மலையாள எழுத்து. அன்றைக்கு வகுப்பே ஆரவாரம். ஐந்தாவது கிழமைக்குப் புதிதாக ஒரு பொய் வேண்டியிருந்தது. பழைய பொய்யை வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகளுக்கு விடை முதலே தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு கிழமையும் யார் தேடுவது?

கனடா என்றால் எங்களவர்களுக்கு ஒன்ராறியோதான். வட அமெரிக்காவில் ஊடகக் கல்வியை முதன்முதலில் கட்டாயமாக்கியது அந்த மாகாணம், 1987இல். 2006 மொழிப் பாடத்திட்டத்தில் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற மூன்றோடு ஊடக அறிவும் நாலாவதாகச் சரிசமமாக நின்றது. 2023 திருத்தத்தில் அந்தத் தனி இடம் போய், வேறொரு பகுதிக்குள் ஒரு துண்டாகிவிட்டது. அவர்களின் பலம் கேள்விகள்: இதை யார் செய்தார்கள், யாருக்காக, யாருக்கு லாபம், யார் இதில் இல்லை? ஒரு பிஸ்கட் விளம்பரத்தை வைத்து இவற்றைக் கேட்டோம். முதல் நாள் அருமை. மூன்றாம் நாள் எதைக் காட்டினாலும் "காசுக்குத்தான் சேர்" என்ற ஒரே பதில். சந்தேகப்படப் பழகிவிட்டார்கள், பார்க்கப் பழகவில்லை. கேள்விகளை மட்டும் நாங்கள் திருடி வைத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய மாதம் ஒரு சிறார் படம் என்ற திட்டமும் பேச்சில் வந்தது. மொழியால் கிட்டத்தில் நிற்பது அதுதான். மாதம் ஒன்று என்பது எங்கள் ஆள்பலத்துக்கு மூச்சு வாங்கும்.

இனிப் பிரான்ஸ். 1989இல் இடைநிலைப் பாடசாலைகளுக்கும், 1994இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கும், 1998இல் மேல்வகுப்புகளுக்கும் என்று மூன்று படியாக ஒரு பாடசாலைச் சினிமாத் திட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். பாடசாலை நேரத்திலேயே பிள்ளைகள் ஊர்த் தியேட்டருக்குப் போகிறார்கள். ஆண்டுக்கு மூன்று படமாவது பார்ப்பார்கள். ஆசிரியர்கள் அதே படத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு புத்தகம் கிடைக்கும். கல்வி அமைச்சு, தேசிய சினிமா நிறுவனம், உள்ளூராட்சி எல்லாம் சேர்ந்து செலவைத் தூக்குகின்றன. எங்களிடம் இருந்தது இரவல் மல்டிமீடியா புரொஜெக்டர் ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று, யன்னலுக்குத் தறப்பாள்.

அந்தச் சிறு புத்தகம்தான் என் மனதை மாற்றியது. எங்கள் பக்கத்தில் நல்ல வேலை எதுவும் ஒரு ஆளில் தொங்கிக்கொண்டிருக்கும். அவருக்கு இடமாற்றம் வந்தால் அலுமாரிச் சாவியோடு எல்லாம் போய்விடும். பாடசாலை ஒன்றில் அருமையாக நடந்த நாடகக் குழு இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பக்கக் கொப்பி ஒன்று எழுதினோம். முதல் பக்கம் படம் தொடங்க முன் காட்ட வேண்டிய ஒரு காட்சி. இரண்டாம் பக்கம் முழுக்க வசனங்களின் தமிழ், ஏனென்றால் ஆங்கிலச் சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் பிள்ளைகளால் வாசிக்க முடியாது, ஒருவர் பக்கத்திலிருந்து வாசிப்பார். மூன்றாம் பக்கம் நிறுத்தித் திரும்பப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள். கடைசியில் கனடாக் கேள்விகள். ஒரு கொப்பிக்கு மூன்று ஞாயிறு போனது. ஆனால் அது வாட்ஸ்அப் பொய் மாதிரிப் பழசாகாது, அடுத்த வருசம் அடுத்த வகுப்புக்கும் அதேதான்.

ஒரு ஈரானியப் படத்தில் வீட்டுக் காட்சியைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டோம். தரம் 8 பிள்ளை ஒன்று மெதுவாகச் சொன்னது: "அந்த அம்மா ஒருக்காலும் குந்தி இருக்கவே இல்லை சேர்." திரும்பப் பார்த்தோம். உண்மை. படம் முழுக்க அவர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான். அந்தக் கேள்வி எந்தக் கொப்பியிலும் இருக்கவில்லை.

குறையும் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று படம் பார்த்த பிள்ளை, கைபேசியில் வரும் பொய்ச் செய்தியை நின்று பார்க்குமா என்று கேட்டால், நெஞ்சில் கைவைத்து ஆம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வேலைக்குப் பின்லாந்து வழிதான் நேரானது. நாங்கள் அதை நான்கு கிழமைதான் ஓட்டிப் பார்த்தோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. எங்கள் வகுப்பில் இருப்பவர்களும் 19 பேர்தான். தரம் 5க்குக் கீழே யாரையும் சேர்க்கவில்லை.

பயந்தபடியே தை மாதம் எங்களோடு நின்ற சேருக்கு முல்லைத்தீவு இடமாற்றம் வந்தது. அடுத்த படத்தை ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் இருந்த தங்கச்சி ஒருத்தி கொப்பியைப் பார்த்துப் பார்த்தே நடத்தினாள். நான் அன்றைக்குப் போகவில்லை. பிறகு கொப்பியைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இரண்டாவது இடத்தில் நிறுத்த வேண்டாம். பிள்ளைகள் அழுகிறார்கள், ஓட விடவும்."