உறைபனிச் சேற்றுக்கு எந்த சைக்கிள்?

ஜனவரியில் காலை ஆறரை மணிக்கு மூணாறு பக்கத்து எஸ்டேட் பள்ளங்களில் புல் வெள்ளையாக இருக்கும். மேட்டில் தேயிலை பச்சையாகவே நிற்கும். ஓடைக்கரையில் மட்டும் உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவெல்லாம் சரிவில் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அதே ஓடைக்கரை வருடம் முழுக்கச் சதுப்பு. ஆக மேலே பனி, அடியில் சேறு. போன ஜனவரியில் அந்த மாதிரி ஒரு பள்ளத்தில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து, எஸ்டேட்டுகளுக்குள் சாம்பியன் யார் என்று பார்க்க, புல்லிலும் சேற்றிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் முறையில் ஒரு சைக்கிள் போட்டி வைத்தார்கள்.

மூன்று வகை சைக்கிள்கள் வந்திருந்தன. என்னுடையது சாலையிலும் மண்பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள். மச்சானுடையது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் மவுன்டன் பைக். போடியிலிருந்து மெட்டு ஏறி வந்திருந்த ஓர் அண்ணனிடம் மட்டும் அசல் சைக்ளோகிராஸ் சைக்கிள் இருந்தது. அடுத்த ஜனவரிக்கு எதை எடுப்பது என்று அன்றிலிருந்து லயத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குளிர்காலத்தில் ஓட்டப்படும் பந்தயம் இது. உலக சாம்பியன்ஷிப் 1950-இல் பாரிஸில் தொடங்கியது. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வட்டப் பாதையில் புல், சேறு, மணல், மேடு எல்லாம் வரும். நடுவே 40 செ.மீ. உயரம் வரை பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி ஏற வேண்டும். பெரிய போட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம், அமெச்சூர் போட்டிகள் பெரும்பாலும் 40 நிமிடம் நடக்கும். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யு.சி.ஐ.யின் விதிப்படி டயர் அகலம் 33 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அமெச்சூர் போட்டிகளில் அவ்வளவு கறார் கிடையாது, மவுன்டன் பைக்கையும் பல இடங்களில் விடுகிறார்கள். எங்கள் போட்டியில் பிரேக் இருந்தால் போதும் என்றார்கள்.

ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்காமல் ஐரோப்பியர் சொல்வதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே முன்னணி வீரர்களுக்கு இரண்டு மூன்று சைக்கிள் இருக்கும். சேறு அதிகமானால் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட சைக்கிளை மாற்றுவார்கள். கொடுத்ததை உதவியாளர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி அடுத்த முறைக்குத் தயாராக வைப்பார். நமக்கு ஒரே சைக்கிள், ஓடைத் தண்ணீர், ஒரு வாளி. அதனால் கழுவாமலே நாலைந்து சுற்று சக்கரம் சுற்றுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. எடை, கியர், விலை எல்லாம் அப்புறம்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டுப் பாருங்கள். ஃபோர்க்கின் உச்சியிலும், பின்னால் பெடல் அச்சுக்குப் பின்புறமும் விரல் தாராளமாகப் போய் வந்தால் சேறும் வெளியே போய்விடும். விரல் சிக்கினால் சேறும் சிக்கும்.

என் கிராவலில் அன்று 45 மி.மீ. டயர் போட்டிருந்தேன். கடையில் கேட்டபோது ஃப்ரேம் 45 வரை தாங்கும் என்றார்கள். உண்மைதான், காய்ந்த மண்ணில் தாங்கும். முதல் சுற்றில் பனி இறுகியிருந்ததால் சக்கரம் அந்த மேலோட்டின் மேலாகவே போய்விட்டது. முன்னால் போனவர்கள் அந்த மேலோட்டை உடைத்த பிறகு இரண்டாம் சுற்றில் களிமண் மேலே வந்தது. பாதையின் ஒரு பக்கம் சில்வர் ஓக் வரிசை. அதன் காய்ந்த இலை கோழி இறகு மாதிரி, நுனி நுனியாகப் பிரிந்திருக்கும். களிமண்ணும் அந்த இலையும் கலந்தால் மண்சுவருக்கு வைக்கோல் போட்டுப் பிசைந்த மாதிரி ஆகிவிடுகிறது. பெடல் அச்சுக்குப் பின்னால் அது உருண்டு இறுகி, பின்சக்கரம் ஒரேயடியாக நின்றுவிட்டது. விரலால் நோண்டினேன், வரவில்லை. தேயிலைக் குச்சி ஒன்றை ஒடித்துக் குத்தி எடுத்தேன். நாற்பது அடி போவதற்குள் மறுபடி நின்றது. மீதியைத் தோளில் தூக்கித்தான் ஓடினேன்.

போடி அண்ணனுடைய சைக்ளோகிராஸில் அந்தத் தொல்லையே இல்லை. 33 மி.மீ. டயருக்கு இருபுறமும் விரல் போகும் இடைவெளி. மெலிந்த டயர் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கிறது. அகலமான டயர் மேலேயே மிதந்து வழுக்கும் இடத்தில் இது நேராகப் போகிறது. மேல்குழாய்க்குக் கீழே தோள் நுழைய இடம் விட்டுக் கட்டிய ஃப்ரேம் அது. செயின் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கமாக இறங்கி, வலத்தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அவர் அதை ஒரே அசைவில் செய்தார், நான் பாட்டில் தாங்கியை விலாவில் இடித்துக்கொண்டு ஓடினேன். அந்தத் தாங்கியைப் போட்டிக்கு முன்னால் கழற்றியிருக்க வேண்டும்.

ஆனால் அதே மெலிந்த டயர் வேர் மேலும் கல் மேலும் ஏறும்போது ரிம் இடிபடும். பனி உறைந்த இறக்கத்தில் வளைந்த ஹேண்டில்பாரை மரத்துப்போன விரலால் பிடித்து பிரேக் அழுத்துவது பழகியவர்களுக்குத்தான் சரிப்படும். நம் பக்கத்துக் கடைகளில் இந்த வகை சைக்கிள் கண்ணில் படுவதும் அபூர்வம்.

ஹார்ட்டெயிலை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த முதல் சுற்றைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைப் புல் மேல் இறக்கம். அகலமான ஹேண்டில்பார், இரண்டு அங்குலத்துக்கு மேல் டயர், முன்னால் சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து மச்சானை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய்விட்டது. பனி மட்டும் என்றால் அதுதான் ராஜா. சேற்றிலும் அவர் சக்கரம் நிற்கவில்லை, இடைவெளி தாராளம். தோளில் ஏறும்போதுதான் கணக்கு மாறியது. 13 கிலோ சைக்கிள் ஏற்கனவே பாரம். டயரில் புடைத்து நிற்கும் கட்டைகளுக்கு நடுவே அப்பிய களிமண்ணோடு அதைத் தூக்கி ஐந்து முறை மேடு ஏறினால் கால் தளர்ந்துவிடும்.

டயர் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவில்லாமல் திருத்தக்கூடியது இது ஒன்றுதான். வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு பூஜ்ய டிகிரிப் பள்ளத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட இரண்டரை பி.எஸ்.ஐ. தானாகக் குறைந்துவிடும். சாலையில் அது ஒன்றுமில்லை. இவ்வளவு குறைந்த காற்றில் ஓடும்போது ரிம் அடிபடுவதற்கும் தப்பிப்பதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே பம்பைக் களத்துக்கே எடுத்துப் போய், சைக்கிளைக் கால் மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். டியூப்லெஸ் என்றால் 22, 23 வரை இறக்கலாம். டியூப் போட்டவர்கள் 28-க்குக் கீழே போகாதீர்கள். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

பெடல் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தச் சேற்றுக்கு, முனையில் ஆணி முடுக்கிய ஷூவும், ஷூவை மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடலும்தான். பழகாதவர்கள் முள் வைத்த தட்டைப் பெடலில் ஓட்டலாம். புட்பால் பூட்ஸ் போட்டு வந்த இரண்டு பையன்கள் ஓடும்போது நன்றாக ஓடினார்கள், ஏறி மிதித்தபோது கால் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்கள்.

பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும். யு.சி.ஐ.யே 2010-இல் அனுமதித்துவிட்டது. சேறு அப்பிய ரிம்மை பிரேக் கட்டை பிடித்து நிறுத்துவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சேறு ஒட்டாமலிருக்க ஃப்ரேமில் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். மச்சான் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். வீட்டில் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கும் ஊரில் இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். களத்தில் அது வெள்ளை மெழுகாக இறுகி நின்றது, மண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெய் தடவுங்கள், குளிரிலும் உறையாது.

அப்புறம், தொடங்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு என்றால் ஹார்ட்டெயிலுக்கு லாபம். வெயில் விழுந்த பிறகு, ஒன்பது மணிக்கு என்றால் வெயில் பக்கம் எல்லாம் வழுவழுப்பு, மர நிழலில் மட்டும் இன்னும் வெள்ளை. ஒரே திருப்பத்தில் இரண்டும் வரும். திரும்புவதற்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட்டு, புல் குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரமாகப் போவது நல்லது.

என் தீர்ப்பு இதுதான். வருடத்துக்கு ஒரு போட்டி என்றால் சைக்ளோகிராஸ் சைக்கிள் வாங்க வேண்டாம். கையில் ஹார்ட்டெயில் இருப்பவர்கள் அதிலேயே வாருங்கள், தூக்கி ஓடிப் பழகிக்கொண்டு வாருங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு, வேலைக்கும் ஊர் சுற்றவும் உதவும் கிராவலைத்தான் சொல்வேன். போட்டி வாரத்தில் மட்டும் மெலிந்த டயர் மாற்ற வேண்டும். என்னுடையதில் இப்போது 33 மி.மீ. சேற்று டயர் ஏறியிருக்கிறது, கட்டைகள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. விரல் இரண்டு பக்கமும் போய் வருகிறது. 45-ஐச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். மார்ச்சில் டாப் ஸ்டேஷன் ஏறும்போது அதை மறுபடி மாட்ட வேண்டும்.