ஐந்து மாநிலங்களுக்கு ஒரே அட்டவணை: வேலைப் பயணத்தோடு கோல்ஃபையும் திட்டமிட்டுத் தரும் சேவை

மரினா பே கோல்ஃப் திடல் 2024ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டதிலிருந்து, மன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் 18 குழிகளையும் ஆடி முடிக்கக்கூடிய பொதுத் திடல் சிங்கப்பூரில் இல்லை. கடற்பாலத்தைக் கடந்து ஜொகூருக்குச் சென்று ஆடுவது பலருக்கும் வார இறுதி வழக்கமாகிவிட்டது. வேலை நிமித்தமாக மலேசியாவின் மேற்குக்கரை மாநிலங்களுக்கு அடிக்கடி சென்றுவரும் என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வாடிக்கையாளர் சந்திப்புகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில், போகும் வழியிலேயே உள்ள திடல்களில் ஆடிவிட்டு வரலாம். அப்படிப்பட்ட பயணத்தை முழுவதுமாகத் திட்டமிட்டுத் தரும் சிறிய சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வேலையைச் செய்து தரும் எந்த முகவரை அணுகினாலும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

உணவகச் சமையலறைகளுக்கான குளிர்பதனக் கருவிகளை விற்கும் நிறுவனத்தில் நான் பணிபுரிகிறேன். ஜொகூர் பாரு, மலாக்கா, பெட்டாலிங் ஜெயா, ஈப்போ, பிறை ஆகிய ஊர்களில் எங்களுக்கு விற்பனை முகவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கோல்ஃப் பயண நிறுவனங்கள் முதலில் எந்தத் திடலில் ஆட விருப்பம் என்று கேட்கும். இந்த நிறுவனமோ என் சந்திப்புகளின் பட்டியலைத்தான் முதலில் கேட்டது. அவற்றுள் எவை மாற்ற முடியாதவை, எவற்றை அரை நாள் தள்ளிவைக்கலாம் என்று பிரித்துக் குறித்துத் தருமாறும் கேட்டார்கள். இந்தச் சேவைக்கு நான் கட்டணம் கொடுப்பதற்கு முதற்காரணம் இந்த வரிசைதான். வேலையைச் சுற்றி விளையாட்டை அமைத்தால் இரண்டும் நடக்கும். விளையாட்டைச் சுற்றி வேலையை நகர்த்தத் தொடங்கினால் முகவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள், மரியாதையும் போய்விடும்.

அவர்கள் அனுப்பும் அட்டவணை ஒரே பக்கம்தான். இடப்பக்கம் சந்திப்புகள், வலப்பக்கம் ஆட்டங்கள், நடுவில் பயண நேரம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் "குளியல், உடை மாற்றம்: 45 நிமிடம்" என்று தனி வரியே ஒதுக்கியிருந்தார்கள். பார்ப்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றுவிட்டு, வியர்வை அடங்காத சட்டையோடு வாடிக்கையாளர் முன் போய் உட்கார வேண்டிய நிலையைத் தவிர்ப்பது அந்த ஒரு வரிதான். குளியலறையும் பூட்டுப் பெட்டியும் வருகையாளருக்குக் கிடைக்குமா என்பதையும் ஒவ்வொரு மன்றத்திலும் விசாரித்து எழுதியிருந்தார்கள்.

இந்தச் சேவையின் உண்மையான பலம் மாநில நாட்காட்டி பற்றிய அறிவில் இருக்கிறது. மலேசியாவில் பொது விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பது நமக்குத் தெரியும். ஐந்து மாநிலங்களை ஒரே பயணத்தில் கோக்கும்போது அது எவ்வளவு சிக்கல் தரும் என்பதை அட்டவணை போடும்போதுதான் உணர்கிறோம். தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அது வேலை நாள். ஜொகூர், சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகிய மாநிலங்களில் விடுமுறை; நடுவில் இருக்கும் மலாக்காவில் விடுமுறை இல்லை. ஜொகூர் சுல்தானின் பிறந்தநாள் மார்ச் 23, சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள் டிசம்பர் 11, பேராக் சுல்தானின் பிறந்தநாள் கொண்டாட்டம் நவம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமை. அந்தந்த மாநிலத்தில் அன்று அலுவலகங்கள் மூடியிருக்கும். பல மன்றங்களில் வார இறுதிக் கட்டணமும் அமலுக்கு வந்துவிடும். அதாவது, சந்திப்பும் நடக்காது, ஆட்டமும் மலிவாகக் கிடைக்காது. சாலைகளில் காவடிகளும் பாதயாத்திரைக் கூட்டமும் நிறைந்திருக்கும் தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கமோ பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கமோ காரில் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதையும் அவர்களே எடுத்துச் சொல்லி, அந்த வாரத்தை முழுவதுமாகத் தவிர்க்கச் சொன்னார்கள்.

வார ஓய்வு நாள்களும் இப்படித்தான். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார இறுதியாக இருந்து, 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய கணக்கிலேயே இன்னமும் சந்திப்பு குறிப்பவர்கள் இருக்கிறார்கள். கெடாவிலோ இன்றும் வெள்ளி, சனிதான். பிறைக்கு அருகிலுள்ள கூலிம் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், அங்கே நான் பார்க்க வேண்டியவர் எந்த வார ஓய்வைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு உறுதிசெய்த பிறகே அந்த நாளை நிரப்பினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக நண்பகலில் நீண்ட இடைவேளை விடப்படும் இடங்களில், காலை ஏழரைக்கு ஆட்டத்தைத் தொடங்கி மூன்று மணிக்குச் சந்திப்பு வைத்தார்கள். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு எப்படி வைத்திருந்தாலும் வீணாகியிருக்கக்கூடிய நேரம் அது.

காலையில் ஆட்டம், பிற்பகலில் வேலை என்பதே பொது விதி. மேற்குக்கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். மின்னல் எச்சரிக்கை ஒலி எழுந்தால் திடலைவிட்டு வெளியேற வேண்டியதுதான். மட்டையைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நிற்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. சூரியன் ஏழு மணி சுமாருக்கு உதித்து, மாலை ஏழு மணியைத் தாண்டி மறையும் நாடு என்பதால், சந்திப்பு சீக்கிரம் முடிந்த நாள்களில் ஐந்து மணிக்கு ஒன்பது குழிகள் மட்டும் ஆடவும் இடம் வைத்திருந்தார்கள்.

திடல் தேர்வில் புகழைவிடத் தூரத்துக்கே முதலிடம் தந்திருந்தார்கள். ஜொகூரில் தெசாரு கோஸ்ட் செல்ல எனக்கு ஆசை இருந்தது. எர்னி எல்ஸ் வடிவமைத்த திடல்கள், தானா மேராவிலிருந்து நேரடிப் படகு, எல்லாம் உண்மைதான். ஆனால் அது கிழக்கே விலகிக் கிடக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மேலே செல்பவருக்கு அது முழு நாளையும் விழுங்கிவிடும் என்று தயங்காமல் சொல்லி, துவாஸ் இரண்டாம் பாலத்திலிருந்து எளிதில் அடையக்கூடிய ஹொரைசன் ஹில்ஸைப் பரிந்துரைத்தார்கள். மலாக்காவில் சுங்கச்சாவடியை ஒட்டிய ஆயர் குரோ. பிறையில் வேலை இருந்ததால், பினாங்குத் தீவுக்குள் போய்ப் பாலத்தின் மாலை நெரிசலில் சிக்காமல், பெருநிலத்திலேயே பெர்த்தாமில் உள்ள பினாங்கு கோல்ஃப் ரிசார்ட்.

சிலாங்கூருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சௌஜானாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுபாங் விமான நிலையத்துக்கு மிக அருகில், எண்ணெய்ப்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் அமைந்த திடல். அங்குள்ள இரண்டு திடல்களில் பாம் (Palm) திடலுக்கு 'நாகம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மேடும் பள்ளமுமான நிலம், இருபுறமும் பனைகள், பந்து சற்று விலகினாலும் மீட்டெடுக்கக் கூடுதல் அடிகளைக் கொடுத்தாக வேண்டிய நிலை. குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டப்பட்ட புல்பரப்பான கிரீன்களின் சரிவோ இன்னும் கடுமை. குழிக்கு மேற்பக்கம் நின்ற பந்தை மெல்லத் தொட்டால்கூட அது குழியைத் தாண்டி ஓடி, கிரீனின் விளிம்பில் போய் நிற்கிறது. மட்டைப் பையைச் சுமந்து கூட வந்த உதவியாளரான கேடி, குழிக்குக் கீழ்ப்பக்கமே பந்தை நிறுத்தும்படி ஒவ்வொரு முறையும் கைகாட்டிக்கொண்டே இருந்தார். தாய்லாந்தின் தோங்சாய் ஜைடி 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலேசிய ஓபனை வென்றது இந்தத் திடலில்தான். ஆடிய பிறகு அந்த வெற்றியின் மேல் மதிப்பு கூடுகிறது. காரில் போகாதவர்களுக்கும் இது வசதி. சாங்கியிலிருந்து சுபாங்குக்கு ஸ்கூட் விமானம் பறக்கிறது. மலிவுக்கட்டண விமானங்களில் கோல்ஃப் பைக்கான எடையை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்பதையும் அட்டவணையின் அடியில் குறிப்பாக எழுதியிருந்தார்கள். காரில் செல்வோருக்கு, 2025 ஜூலை முதல் கட்டாயமாகியுள்ள வாகன நுழைவு அனுமதி, புறப்படும்போது முக்கால் தொட்டி பெட்ரோல், சுங்கக் கட்டணத்துக்கான அட்டையில் போதிய பணம் ஆகிய மூன்றையும் முந்தின நாளே குறுஞ்செய்தியில் நினைவூட்டினார்கள்.

குறை பேராக்கில் வந்தது. ஈப்போ முகவர் சந்திப்பைப் பிற்பகலிலிருந்து காலைக்கு மாற்றினார். வேலையில் இது இயல்பான ஒன்று. இதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. பத்து காஜாவில், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் குளங்களுக்கு நடுவே அமைந்த திடலில் ஆட்டத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. மாலையே தகவல் அனுப்பியும் மறுநாள் காலை அலுவலகம் திறந்த பிறகுதான் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அதற்குள் ஆட்ட நேரம் கடந்துவிட்டது, முன்பணமும் திரும்பவில்லை. மன்றத்தின் விதி அது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். வேலைப் பயணத்துக்கென்றே சேவை நடத்துபவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு தொலைபேசியை எடுக்காமலிருப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது. சந்திப்புகள் மாறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, ரசீது. தங்குவிடுதிக் கட்டணத்தையும் ஆட்டக் கட்டணத்தையும் ஒரே தொகையாகப் போட்டு அனுப்பினார்கள். என் ஆட்டத்துக்கான செலவை நிறுவனக் கணக்கில் ஒருபோதும் சேர்க்க மாட்டேன். வாடிக்கையாளருடன் சேர்ந்து ஆடும்போதும் அலுவலகத்தின் முன் ஒப்புதல் இருந்தாலொழியக் கேட்பதில்லை. இரண்டையும் பிரித்துத் தரும்படி கேட்டதும் மறுக்காமல் தந்தார்கள். ஆனாலும், கேட்காமலேயே அப்படித் தருவதுதான் முறை.

திட்டமிடுவதற்கு அவர்கள் வாங்கும் கட்டணம், நல்ல திடல் ஒன்றின் வார நாள் ஆட்டக் கட்டணத்தைவிடக் குறைவு. ஜொகூருக்கு மட்டும் போய்வருபவருக்கு அது வீண்செலவு. மன்றத்துக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசினாலே போதும். மூன்று மாநிலங்களுக்கு மேல், வெவ்வேறு ஊர்களில் சந்திப்புகளோடு செல்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு மன்றத்திலும் ஆட்டத்தை எத்தனை மணி நேரம் முன்னதாக ரத்து செய்யலாம் என்பதையும், அலுவலக நேரத்துக்குப் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேராக் விவகாரத்தை நான் எழுதிக் கேட்ட பிறகு, ரத்து செய்வதற்கான கடைசி நேரத்தை அட்டவணையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்திலேயே சிவப்பில் குறித்து அனுப்புகிறார்கள். இரவுநேரத் தொடர்பு எண்ணை மட்டும் இன்னும் தரவில்லை.