எபாக்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு வெள்ளை சிமெண்ட் பூசுகிறார்கள், கவனம்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கை அடைக்க ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பெயர் போடவில்லை. வேலை செய்கிற விதத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் மாடி பாத்ரூமில் ஷவருக்குக் கீழே இடுக்கெல்லாம் கறுத்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. நேர் கீழே சமையலறை சீலிங்கில் ஓதம். வந்தவர், "எபாக்சி போட்டுருவோம் அண்ணாச்சி, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றார். இடுக்கை அடைக்கிற சிமெண்ட் கலவையான சாதா கிரவுட்டைவிட, பிசின் கலவையான எபாக்சி பல மடங்கு விலை. அந்த ரேட்டைச் சொல்லிப் பெரும்பகுதியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

முதலில் ஆசிட் ஊற்றிக் கழுவினார். போர் தண்ணீரின் உப்புக் கறை போய் டைல்ஸ் பளபளத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உப்பைக் கரைக்கிற ஆசிட் இடுக்கில் இருக்கிற சிமெண்டையும் சேர்த்துத்தான் கரைக்கும்; நுரைத்து வந்ததெல்லாம் அழுக்கில்லை. அப்புறம் பழைய கிரவுட்டைச் சுரண்டாமலே, பக்கெட்டில் ஏதோ பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து மேலாகத் தேய்த்துவிட்டு, சாயங்காலமே குளிக்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது எபாக்சி கிரவுட் இல்லை. எபாக்சியில் ரெசின் என்கிற பிசின், அதை இறுக்குகிற ஹார்ட்னர் என்று இரண்டு தனித்தனியாக வரும், கூடவே கலக்க ஒரு பொடி. கலந்தால் சீக்கிரமே இறுக ஆரம்பித்துவிடும், டைல்ஸ் மேல் பட்டதை உடனே துடைக்க வேண்டும். குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. டப்பாவை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றது, அடியில் அதே கறுப்பு. போன் செய்தால், "மழை ஓதம் அண்ணாச்சி, வெயில் வந்தா காஞ்சிரும்" என்கிறார். ஐப்பசி மழை சமையலறையில் ஷவருக்கு நேர் கீழே மட்டும் பார்த்தா பெய்யும்?

பிறகு வந்த கொத்தனார் கழன்ற துண்டில் ஒரு சொட்டு ஆசிட் விட்டார், பொங்கியது. சிமெண்ட்தான், எபாக்சி அப்படிப் பொங்காது. அடுத்து அவர் செய்தது பழைய ஆள் செய்யவே செய்யாத காரியம்: தண்ணீர் போகிற ஓட்டையைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, சுவரில் கோடு போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தார். மட்டம் இறங்கியிருந்தது. ஓட்டை மேல் இருக்கிற ஜாலியைக் கழற்றினால், அடியில் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு விடுகிற ஃப்ளோர் ட்ராப்பைச் சுற்றி விரல் போகிற அளவு இடைவெளி. ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான். நிஜ எபாக்சியே போட்டிருந்தாலும் நின்றிருக்காது.

அதை அடைத்து, இடுக்குகளை ஆழமாகச் சுரண்டிக் காயவிட்டுப் புதிதாக நிரப்பினார். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், அசைவில் வெடித்துவிடும் என்று ரப்பர் மாதிரி வளைகிற சிலிகான் வைத்தார். சமையலறை சீலிங் காய்ந்துகொண்டிருக்கிறது.

முதல் ஆள் பாக்கிப் பணம் கேட்டு இன்னும் ஆள் அனுப்புகிறார். கழன்ற பூச்சை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.