காதுக் கவசம்: ஓட்டிசம் உள்ள மகளுக்குப் பாடசாலையில் எவ்வளவு உதவியது?

தரம் 7இல் படிக்கும் என் மகளுக்கு ஓட்டிசம் இருப்பது கடந்த வருடந்தான் உறுதியானது. அதுவரை ஆசிரியர்கள் அவளை அமைதியான பிள்ளை என்றே பாராட்டி வந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்து தம் சிரமத்தை மறைத்துக்கொள்வதால், பெண்பிள்ளைகள் பலருக்கு இது காலம் பிந்தியே கண்டறியப்படுகிறது. 1943ஆம் ஆண்டு ஓட்டிசம் பற்றிய தன் முன்னோடிக் கட்டுரையில் மனநல மருத்துவர் லியோ கானர் விவரித்த 11 பிள்ளைகளுள் 3 பேர் பெண்பிள்ளைகள் என்பதை நினைக்கும்போது, இந்தத் தாமதம் என்னை மிகவும் வருத்துகிறது.

மணிச் சத்தமும், சீமெந்து நிலத்தில் கதிரைகள் இழுபடும் சத்தமும் அவளுக்குத் தாங்கமுடியாதவை. பாடசாலையில் அடக்கி வைத்திருந்துவிட்டு, வீடு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுவாள். ஆகவே யாழ் நகரில் இரும்புச் சாமான் விற்கும் கடையொன்றில், இரும்பு வெட்டுவோர் அணியும் காதுக் கவசமொன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

பொருள் தரமானது. நல்லூர்த் திருவிழாவில் தவிலோசையின் கடுமையை நன்றாகத் தணித்தது. அருகிலிருந்து பேசுவதும் மங்கலாகக் கேட்கும். ஆனால் பாடசாலைக்கு இரட்டைப் பின்னலை மடித்து றிபனால் காதருகே கட்டுவதால், மெத்தை தோலோடு ஒட்டாமல் தலைமயிரின் மேல் நிற்கிறது. அந்த இடைவெளியால் சத்தம் உள்ளே போகிறது. பின்னலைப் பிடரிப்பக்கமாகத் தள்ளிக் கட்டிய பின்னரே சரியாயிற்று. வெயில் நேரத்தில் உள்ளே வியர்ப்பதால் தினமும் துடைக்கவேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை, முதல் இரண்டு வாரமும் அவள் அதைப் புத்தகப்பையிலிருந்து வெளியே எடுக்காததுதான். எல்லோரும் பார்ப்பார்கள் என்றாள். வகுப்பாசிரியையிடம் இதைச் சொன்னபோது, "இன்னும் ரெண்டு வாங்கித் தாங்கோ அம்மா, அலுமாரிக்கு மேல வைக்கிறன், விரும்பின ஆரும் போடட்டும்" என்றார். அந்த ஆசிரியைக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். கணக்குப் பாடத்தில் முதலில் எடுத்து அணிந்தது வேறொரு பிள்ளை. மூன்றாம் நாள் என் மகளும் எடுத்தாளாம்.

ஆகவே வாங்கும் பெற்றோர், இயலுமானால், வகுப்புக்கும் சேர்த்து வாங்குங்கள். நாள் முழுவதும் அணிந்தால் காதின் கூச்சம் மேலும் கூடலாம் என்பதால், பயிற்சி செய்யும் நேரத்திலும் இடைவேளையிலும் மட்டும் அணியச் சொல்லியிருக்கிறேன். அழுகை முற்றாக நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அழுகிறாள். மற்ற நாள்களில் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்கிறாள்.